54 கிலோவுக்கு வந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. உயரம் 157 செ.மீ., எடை 76 கிலோ. உட்கார்ந்தே பார்க்கும் வங்கி வேலை. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. தைராய்டு சரியாக இருக்கிறது. அம்மாவுக்கு ஐம்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. இரண்டாவது பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவே இல்லை. இப்போது முழங்காலும் வலிக்கிறது. காலையில் நான்கு இட்லி, மதியம் சாதம், குழம்பு, பொரியல், இரவு மூன்று தோசை, நடுவில் மூன்று காபி, சாயங்காலம் கொஞ்சம் மிக்சர். இவ்வளவுதான் சாப்பிடுகிறேன். முட்டை உண்டு, கறி, மீன் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மூன்று மாதமாகத் தினமும் முக்கால் மணி நேரம் நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. என் உயரத்துக்கு 54 கிலோதான் இருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணையில் பார்த்தேன். 22 கிலோ குறைப்பது நடக்கிற காரியமா? என்னோடு வேலை பார்ப்பவர் ஊசி போட்டு இளைத்துவிட்டார். நானும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: 54 கிலோவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் முதல் இலக்கு 70 கிலோ. அதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஓராண்டு அந்த எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு குறைப்பதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

நீங்கள் பார்த்த அட்டவணை தவறில்லை. எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. உங்களுக்கு அது 30.8. இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை சரியான அளவு. 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். மேலைநாட்டவருக்கு உடல் பருமனின் எல்லை 30. நமக்கு அதைக் குறைத்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அதே எடையில் நம் உடம்பில் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம், சர்க்கரை நோயும் சீக்கிரம் வருகிறது. அந்தக் கணக்குப்படி நீங்கள் 46 கிலோவுக்கும் 56 கிலோவுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால், பல ஆண்டுகள் தங்கிவிட்ட எடையில் முப்பது சதவீதத்தை உணவாலும் நடையாலும் மட்டும் இறக்கி, ஏறாமல் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. எட்டாத எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு, ஐந்து கிலோ குறைந்த பிறகும் தோற்றுவிட்டதாக நினைத்துக் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

உடம்புக்கு நன்மை அந்த ஐந்து கிலோவிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும் இலக்காக வைக்கப்பட்டன. சுமார் மூன்று ஆண்டுகளில் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் எடையில் 7 சதவீதம் என்பது 5.3 கிலோ. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆலோசனை எதுவும் பெறாதவர்களில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. அவர்களுக்கு எடை சொல்லும்படி குறையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் மூன்று மாத நடையும் வீண் போகவில்லை. எடை இயந்திரம் அதைக் காட்டாது, அவ்வளவுதான். முழங்காலுக்கும் ஒரு கணக்கு உண்டு: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது.

இடுப்பளவை நீங்கள் எழுதவில்லை. எடையைவிட எனக்கு அது முக்கியம். தையல் டேப்பைத் தொப்புளுக்கு நேராக வைக்காதீர்கள். வயிறு தொங்கினால் தொப்புளும் கீழே இறங்கிவிடும். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளவெடுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் தொடையிலும் பின்புறத்திலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறத் தொடங்கும். கல்லீரலைச் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்புதான் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. மாதம் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். எடை அசையாத மாதத்தில்கூட இடுப்பு இரண்டு செ.மீ. இறங்கியிருக்கலாம்.

உங்கள் எச்பிஏ1சி பற்றி ஒரு சந்தேகம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஆனால், இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இந்த வயதில் மாதவிடாய்ப் போக்கு அதிகமாக இருப்பது சகஜம். ஆகவே ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் பெரிட்டின் இரண்டையும் பாருங்கள். அதே ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். மூட்டு வலிக்கு என்ன இருக்கிறதென்றே தெரியாத பொடி, மாத்திரை ஏதாவது வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பசியைக் கிளப்பி எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அப்படி மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்திருந்தால் திடீரென்று நிறுத்தாமல், அதை மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டி, அவர் சொல்வதுபோல் குறைக்க வேண்டும்.

இனி சாப்பாடு. நீங்கள் பொய் சொல்லவில்லை; உங்கள் தட்டில் சாப்பாடு குவிந்து கிடப்பதில்லை. கலோரி ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. ஒரு காபியில் 100 மி.லி. பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 105 கலோரி. மூன்றுக்கு 300-க்கு மேல். ஒரு தோசைக்கு இரண்டு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றினால் மூன்று தோசையில் எண்ணெய் மட்டுமே 240 கலோரி. ஒரு கைப்பிடி மிக்சர், அதாவது 50 கிராம், 250 கலோரியைத் தொடும். முக்கால் மணி நேர நடையில் நீங்கள் கூடுதலாகச் செலவழிப்பது 120 முதல் 150 கலோரிதான். நடந்தும் குறையாததற்கு விடை இதில் இருக்கிறது. நடந்துவிட்டு வந்தால் பசியும் கொஞ்சம் கூடும், ‘இன்றைக்கு நடந்தாயிற்றே’ என்ற சலுகையும் கூடும்.

ஒரு நாளைக்கு 400 கலோரி குறைத்தால் போதும். காபியை இரண்டாக்கி, சர்க்கரையை அரை டீஸ்பூனுக்கு இறக்குங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் நாக்கு ஏங்கும். வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் குறைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் கலோரி ஏறக்குறைய அதேதான். எண்ணெய் அளவைக் கண்ணால் நம்ப வேண்டாம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கிட்டு வாங்கி, அது மாதக் கடைசி வரை வருகிறதா என்று பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் நான்கு லிட்டர் தீர்ந்தால், அளவு இரட்டிப்பாக இருக்கிறது என்று பொருள். மிக்சர் டப்பாவை வீட்டில் வைக்காதீர்கள். எதிரில் இருப்பதைச் சாப்பிடாமல் இருக்க மன உறுதியை நம்புவது வீண்.

சாதத்தை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். 50 கிராம் அரிசியை வடித்தால் சுமார் 150 கிராம் சாதம் வரும், 175 கலோரி. மதியத்துக்கு அதுதான் உங்கள் அளவு. ஒரு வாரம் சமையல் தராசில் நிறுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு எந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கைக்குத் தெரிந்துவிடும். தட்டில் பாதி காய், கால்வாசி பருப்பு அல்லது முட்டை, கால்வாசி சாதம். முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சாதத்துக்கு வந்தால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது. சிறுதானியத்துக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். நார்ச்சத்து கூடுதல், நல்லதுதான். ஆனால் 100 கிராம் வரகிலும் சாமையிலும் கலோரி ஏறக்குறைய அரிசி அளவே உண்டு. அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் எடை இறங்காது.

உங்கள் உணவில் எனக்குக் கவலை தருவது புரதம். நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் 40 கிராமைத் தாண்டுமா என்பது சந்தேகம். எடை குறைக்கும் காலத்தில் உங்களுக்கு 60 முதல் 65 கிராம் வேண்டும். புரதம் போதாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால், இறங்கும் எடையில் கணிசமான பங்கு தசையாகப் போய்விடும். பிறகு எடை திரும்பி வரும்போது கொழுப்பாகவே வரும். ஐம்பதுக்கு மேல் போன தசையை மீட்பது கடினம். எழுபது வயதில் ஒருவர் தாமாக எழுந்து நடமாடுவதும் விழாமல் இருப்பதும் அந்தத் தசையைப் பொறுத்ததுதான். இரண்டு முட்டையில் 12 கிராம், 40 கிராம் பருப்பில் 9, ஒரு கிண்ணம் தயிரில் 6, 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8, 25 கிராம் சோயா உருண்டையில் 13 கிடைக்கும். இட்லி, சாதம், காபிப் பால் எல்லாம் சேர்ந்து மிச்சத்தை நிரப்பும். மீன் கிடைக்கிற ஊர் என்றால் வாரம் இரண்டு நாள் 100 கிராம் மீன் குழம்பில் போடுங்கள். சோயாவை அன்றைக்கு விட்டுவிடலாம். சாம்பாரில் பருப்பு தேடினால்தான் கிடைக்கும் என்ற நிலை இருந்தால் அதைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிரியேட்டினின் கூடுதலாக இருந்தால் இந்தப் புரத அளவு பொருந்தாது. அதனால்தான் அந்தப் பரிசோதனையைக் கேட்டேன்.

நடையை விடாதீர்கள், ஆனால் பிரித்துக்கொள்ளுங்கள்: காலையில் 20 நிமிடம், மதியமும் இரவும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம். சாப்பிட்ட பின் நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்கின்றன. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் காலை நடையின் வேகம்.

இதோடு வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, தசைக்கான பயிற்சி. ஜிம் வேண்டாம். கைப்பிடி இல்லாத, முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மூன்று எண்ணிக்கையில் மெதுவாக உட்காருங்கள். எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. முழங்கால்கள் உட்பக்கம் சாய்ந்தால் வலி கூடும்; அவை பாதத்துக்கு நேராகவே போக வேண்டும். தாழ்ந்த நாற்காலியும் வேண்டாம். அடுத்து சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பிறகு படுத்தபடி முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, கடைசியாக நின்றபடி குதிகாலை உயர்த்துவது. எதிலும் மூச்சைப் பிடிக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். எட்டு முறை சுலபமாகிவிட்டால் பன்னிரண்டு; அதுவும் சுலபமானால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்று.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறி விழிப்பு, பகலில் கண் சொக்குவது இருந்தால், வீட்டிலுள்ளவர்களைக் கேட்டுவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் பருமனோடு சேர்ந்தே வரும். கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. நோய் இல்லாவிட்டாலும், ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு மறுநாள் பசி கூடுகிறது. இனிப்பையும் பொரித்ததையும் கை தேடுகிறது.

ஊசிக்கு வருகிறேன். எடை குறைக்கும் ஊசிகளான செமாகுளுட்டைடு, டிர்செப்படைடு இரண்டும் நல்ல மருந்துகள். வாரம் ஒரு முறை போடுவது. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், செமாகுளுட்டைடில் சராசரியாக எடையில் 15 சதவீதமும் டிர்செப்படைடில் அளவைப் பொறுத்து 20 சதவீதம் வரையும் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. பிஎம்ஐ 30-க்கு மேல் இருப்பதால் விதிப்படி உங்களுக்கும் தரலாம். இதில் வெட்கப்படவோ, குறுக்கு வழி என்று நினைக்கவோ ஒன்றுமில்லை. பருமன் ஒரு நோய், அதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் நிறுத்தினால் எடை திரும்புகிறது. செமாகுளுட்டைடு ஆய்வில், நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே ஆறு மாதம் போட்டுப் பார்க்கலாம் என்று தொடங்கும் மருந்து இல்லை இது. ஆண்டுக்கணக்கில் ஆகும் செலவையும் சேர்த்து யோசியுங்கள். குமட்டலும் மலச்சிக்கலும் சகஜம். வேகமாக இளைக்கும்போது பித்தப்பைக் கல்லும் தசை இழப்பும் வரலாம். அதனால் ஊசி போட்டாலும் மேலே சொன்ன புரதமும் பயிற்சியும் கட்டாயம். கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் தொடக்கூடாது. மாதவிடாய் நிற்காதவரை கருத்தடையும் தேவை. அழகு நிலையத்திலோ தெரிந்தவர் மூலமோ வாங்காதீர்கள்.

என் கருத்து: ஆறு மாதம் மேலே சொன்னபடி செய்து பாருங்கள். எடை 73-க்குக் கீழே இறங்காமல் நின்றாலோ, எச்பிஏ1சி ஏறினாலோ, அப்போது ஊசியைப் பற்றி உட்சுரப்பியல் மருத்துவரிடம் பேசுங்கள்.

எடை பார்ப்பது வாரம் ஒரு நாள் போதும். காலையில், கழிவறை போய்விட்டு, வெறும் வயிற்றில், அதே இயந்திரத்தில். ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்ட மறுநாளும் மாதவிடாய்க்கு முன்பும் ஒரு கிலோ கூடுதலாகத் தெரியும், அது நீர். நான்கு வாரச் சராசரியைப் பாருங்கள். மூன்று, நான்கு மாதத்தில் எடை இறங்காமல் நிற்கும். இளைத்த உடம்புக்குச் செலவு குறைந்துவிட்டதால் வருவது அது. அப்போது சாதத்தை மேலும் வெட்டாமல், எண்ணெயையும் நொறுக்குத் தீனியையும் மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் அவைதான் சத்தமில்லாமல் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும்.

எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்து எடுங்கள். சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதற்கு முன் எடுத்தால் மாற்றம் சரியாகத் தெரியாது. இடையில் முயற்சி இல்லாமலே எடை வேகமாக இறங்கினாலோ, தாகமும் சிறுநீரும் கூடினாலோ, முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.