கிளைப் பள்ளிக்குப் பழைய அங்கீகாரம் போதுமா?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை ஐந்தாம் வகுப்பு வரை அங்கீகாரம் பெற்ற பள்ளி ஒன்றைத் தஞ்சைப் பக்கம் நடத்துகிறது. இடம் போதவில்லை. நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய கல்யாண மண்டபத்தை 11 மாத ஒப்பந்தத்தில் எடுத்து, ஜூன் மாதத்திலிருந்து ஒன்று, இரண்டாம் வகுப்புகளை அங்கே நடத்துகிறோம். பிள்ளைகளின் பெயர் பழைய பள்ளியின் எமிஸ் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரத் தொகுப்பு) பதிவில்தான் இருக்கிறது. இப்போது விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. நிர்வாகம் ஒன்றுதானே, பழைய அங்கீகாரம் போதாதா?

பதில்: போதாது. அங்கீகாரத்தை அறக்கட்டளையோடு சேர்த்து எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோக முடியாது. எந்த இடத்தில், எந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கொடுத்தார்களோ அங்கே நடக்கும் பள்ளிக்குத்தான் அது. நான்கு கிலோமீட்டர் தள்ளி நடப்பது, சட்டத்தின் பார்வையில் அங்கீகாரம் இல்லாத இன்னொரு பள்ளி. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி இதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதன் பிறகும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய்.

அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் கட்டடம். இதே போன்ற ஒரு வழக்குக்காக நான் ஒரு மண்டபத்துக்குப் போயிருக்கிறேன். மணமகள் அறையில் ஒன்றாம் வகுப்பு. ஜன்னலில் அசையாத இரும்புக் கம்பி, கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் கேஸ் அடுப்பு. உங்கள் பக்கத்து ஊர் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையல்கட்டுத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதையொட்டிய வழக்கில்தான், பாதுகாப்பான கட்டடமும் கல்வி உரிமையில் அடக்கம் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்கு சான்றுகளை அதிகாரிகள் கேட்பது வெறும் சம்பிரதாயம் கிடையாது.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் அந்த வகுப்புகளை நிறுத்துங்கள். ஷிப்ட் முறையிலாவது பிள்ளைகளைப் பழைய கட்டடத்துக்கே கூட்டி வர முடியுமா என்று கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். நோட்டீஸுக்கு, குறித்த தேதிக்குள், நடந்ததை நடந்தபடி எழுதிப் பதில் கொடுங்கள். எமிஸ் விவரத்தை மழுப்ப வேண்டாம். ஓரிடத்தில் உட்காரும் பிள்ளையை இன்னோரிடத்தில் காட்டியது பொய்ப் பதிவு, அதை நீங்களே முன்வந்து சொல்வதுதான் உங்களுக்கு நல்லது.

மண்டபம்தான் வேண்டும் என்றால், கட்டட உரிமையாளரோடு நீண்ட காலக் குத்தகை போட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவில்லாமல் செல்லாது. மண்டபத்தைப் பள்ளியாக மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் திட்ட அனுமதி தேவையா என்று விசாரியுங்கள். அப்புறம் நான்கு சான்றுகளோடு புதிய பள்ளியாகவே விண்ணப்பியுங்கள். ஆணை கையில் வரும்வரை புதுச் சேர்க்கையும் கட்டண வசூலும் வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டிய பெற்றோரை இந்த வாரமே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, போக விரும்புகிறவர்களுக்குப் பணத்தையும் மாற்றுச் சான்றிதழையும் கொடுத்துவிடுங்கள்.