அப்பாவின் ரிப்போர்ட்டில் ‘பிசிஎல்-2 பாசிட்டிவ்’: பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. கழுத்தில் வலியில்லாமல் இருந்த கட்டியை எடுத்துப் பரிசோதித்ததில் ‘ஃபாலிகுலர் லிம்போமா, கிரேடு 1-2, பிசிஎல்-2 பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. பிசிஎல்-2 என்பது செல்களைச் சாகவிடாத மரபணு என்று படித்தேன். எனக்கும் தம்பிக்கும் இது வருமா? பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? டாக்டரோ இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்கிறார். புற்றுநோயை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? அந்த மரபணுவை அடக்கும் மாத்திரை இருக்கிறதாமே, அதைக் கேட்கலாமா?

பதில்: உங்களுக்கும் தம்பிக்கும் மரபணுப் பரிசோதனை தேவையில்லை. அப்பாவின் பிசிஎல்-2 கோளாறு அவர் பிறக்கும்போதே இருந்ததல்ல; உங்களுக்குக் கடத்தப்பட்டிருக்கவும் முடியாது. அது பின்னாளில் அவருடைய எலும்பு மஜ்ஜையில், ஒரே ஒரு பி-செல்லில் நடந்த விபத்து.

பி-செல்கள் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைத் தயாரிக்கும் வெள்ளையணுக்கள். இவற்றில் உண்டாகும் ஒரு வகைப் புற்றுநோய்தான் ஃபாலிகுலர் லிம்போமா. அதற்கான மரபணுவை ஒவ்வொரு பி-செல்லும் தனக்கென்று வெட்டி ஒட்டி அமைத்துக்கொள்ளும். அந்த வேலையின்போது எப்போதாவது 18ஆம் குரோமோசோமின் துண்டு ஒன்று 14ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் துண்டில் இருப்பதுதான் பிசிஎல்-2. அது போய்ச் சேர்ந்த இடமோ பி-செல்லில் ஓயாமல் இயங்கும் பகுதி. அதனால் பிசிஎல்-2வும் ஓயாமல் இயங்கத் தொடங்கிவிடுகிறது. ஃபாலிகுலர் லிம்போமா நோயாளிகளில் பத்தில் எட்டு, ஒன்பது பேரிடம் இந்த இடமாற்றம் இருக்கும். மிக நுட்பமான சோதனைகளில், எந்த நோயும் இல்லாத பலருடைய ரத்தத்திலும் இப்படிப்பட்ட செல்கள் சில தென்படுகின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு லிம்போமா வருவதே இல்லை. நீங்கள் பரிசோதித்து ஒன்றிரண்டு தென்பட்டாலும் அச்சம்தான் மிஞ்சும். நெருங்கிய உறவினர்களுக்கு லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் மிகச் சிறியது, அதற்காகச் செய்யவேண்டிய சோதனை எதுவும் கிடையாது.

செல் சாவதைக் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். நம் உடலில் தேவை முடிந்த செல்லும், பழுதான செல்லும் தானாகவே அடங்கிச் சாக வேண்டும். பழுதைக் கவனித்து அந்த முடிவை எடுப்பதில் பி53 என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு. பாக்ஸ், பாக் என்ற புரதங்கள் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் துளை போடும். அங்கிருந்து கசியும் பொருள், காஸ்பேஸ் என்ற நொதிகளைத் தூண்டும். அவை செல்லை உள்ளிருந்தே துண்டுபோடும். பிசிஎல்-2 அந்தத் துளை விழாமல் தடுக்கிறது. சீ. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழு வளரும்போது உண்டாகும் 1,090 உடல் செல்களில் 131 தவறாமல் சாகும். இதை நிர்வகிக்கும் மரபணுக்களைக் கண்டறிந்த ஆய்வுக்கும் சேர்த்துத்தான் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனின் பிசிஎல்-2வை அந்தப் புழுவுக்குள் வைத்தால் அங்கேயும் செல் சாவதைத் தடுக்கிறது. இத்தனை பழமையான ஏற்பாடு இது.

அப்பாவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். நிணநீர்க் கணுவுக்குள் ஃபாலிக்கிள் என்ற வட்டமான பகுதிகளில் பி-செல்கள் தேர்வுக்கு உட்படும். அங்கே இருக்கும் இயல்பான செல்களில் பிசிஎல்-2 அணைந்தே இருக்கும். தேறாதவை சாக வேண்டும் அல்லவா? பிசிஎல்-2 புரதத்தைக் காட்டும் சாயம் அந்த வட்டத்துக்குள்ளேயே பிடித்து நிற்பதைப் பார்த்துத்தான் நோயியல் மருத்துவர், இது கிருமித் தொற்றால் வீங்கிய கணு அல்ல, லிம்போமா என்று பிரித்துச் சொல்கிறார். ஆக ‘பாசிட்டிவ்’ என்பது நோயை அடையாளம் காண உதவிய குறிப்பு. நோய் முற்றியது என்று அதற்குப் பொருள் இல்லை.

உங்கள் டாக்டர் காத்திருக்கச் சொன்னதற்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. பிசிஎல்-2 செல்லை வேகமாகப் பெருக வைப்பதில்லை, சாக விடுவதில்லை, அவ்வளவுதான். 1988இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் காட்டும்வரை புற்றுநோய் மரபணு என்றாலே பெருக வைப்பது என்றுதான் எண்ணியிருந்தார்கள். செல்கள் மெதுவாகச் சேர்வதால் இந்த நோயும் பெரும்பாலும் மெதுவாகவே நகர்கிறது. தொந்தரவு இல்லாத நிலையில் உடனே கீமோ கொடுத்தவர்கள், கண்காணிப்பில் இருந்தவர்களைவிட அதிக நாள் வாழவில்லை என்பது பல ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அப்பா சும்மா இருக்கவில்லை. தேவையில்லாத பக்கவிளைவுகளைத் தள்ளிப்போடுகிறார்.

நீங்கள் கேட்ட மாத்திரை வெனிடோக்ளாக்ஸ். பிசிஎல்-2வின் பிடியைத் தளர்த்திச் செல்லைச் சாகவிடும் அருமையான மருந்து. ஆனால் அது நன்றாக வேலை செய்வது சிஎல்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோயிலும், ஏஎம்எல் என்ற தீவிர ரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் வேறு மருந்தோடு சேரும்போதும்தான். ஃபாலிகுலர் லிம்போமாவில் தனியாகக் கொடுத்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அந்தச் செல்கள் பிழைத்திருக்க வேறு புரதங்களையும் பிடித்துக்கொள்கின்றன. எனவே இப்போது அதைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம். ‘செல்லைச் சாகவைக்கும்’ என்று விற்கப்படும் சத்துப் பொடிகளும் வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது ரத்தத்தில் எல்டிஹெச் என்ற நொதியின் அளவு என்ன, ஸ்கேனில் எத்தனை இடங்களில் கணு இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டி மட்டும் சில வாரங்களில் வேகமாக வளர்ந்தாலோ, காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது என்று ஏதாவது தெரிந்தாலோ மூன்று மாதம் முடியக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். நோய் வேகமான வகைக்கு மாறுகிறதா என்று திரும்பவும் பயாப்ஸி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.