கோடு ஏறுகிறது, கணக்கில் நட்டம்: எதை நம்புவது?

பரந்தனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பெரும்போக நெல் விற்ற காசில் அப்பா கொழும்புப் பங்குச் சந்தையில் கொஞ்சப் பங்கு வாங்கினவர். உயர்தரத்தில் படித்த பைதன் கணினி மொழியை வைத்து அதன் விலையைக் கீறிப் பார்த்தேன். கோடு ஏறிக்கொண்டே போகிறது. தரகர் கணக்கிலோ நட்டம் காட்டுகிறது. திகதி இருக்க வேண்டிய இடமும் ஒரே கறுப்பாய் அப்பிக் கிடக்கிறது. வவுனியாவில் ஒருவர் 40,000 ரூபாய்க்கு நல்ல மென்பொருள் தருகிறாராம். வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி. உங்கள் புரோகிராமில் ஓரிரு வரியைத் திருத்தினால் போதும். கணக்கில் காட்டும் நட்டம்தான் உண்மை.

உங்கள் கோப்பில் ஒரு நாளாவது விலை ஆயிரத்தைத் தாண்டி, 1,025.00 என்று காற்புள்ளியோடு பதிவாகியிருக்கும். அந்த ஒரு காற்புள்ளியால், கோப்பை வாசிக்கும் பைதன் தொகுப்பான பாண்டாஸ் விலை நிரல் முழுவதையும் எண்ணாக எடுக்காமல் எழுத்தாக எடுத்துவிடும். எழுத்தில் எது பெரிது, எது சிறிது என்று கோடு கீறும் தொகுப்பான மேட்பிளாட்லிப்புக்குத் தெரியாது. முதலில் கண்டதைக் கீழே வைக்கும், அடுத்து வரும் புதியதை அதற்கு மேலே வைக்கும். விலை இறங்கினாலும் கோடு ஏறுவது அதனால்தான். திகதிகள் அப்பிக் கிடப்பதும் அவற்றையும் எழுத்தாகவே எடுத்ததால்தான்.

கோப்பை வாசிக்கும் ரீட் சிஎஸ்வி கட்டளையில் தௌசண்ட்ஸ் என்பதற்குக் காற்புள்ளியைக் கொடுங்கள். பார்ஸ் டேட்ஸ் என்பதில் திகதி நிரலின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். டேஃபர்ஸ்ட் என்பதற்கு ட்ரூ கொடுக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் நாங்கள் ஏப்ரல் 3 என்று எழுதும் 03/04 மார்ச் 4 ஆகிவிடலாம். அப்புறம் திகதிப்படி அடுக்கிவிட்டுக் கீறுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு விடயம் உங்களைப் பயமுறுத்தலாம். 200 ரூபாயில் நின்ற பங்கு மறுநாள் 20 ரூபாயில் கிடக்கும். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடாதீர்கள். நிறுவனம் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்திருக்கலாம். ஒரு மூட்டை நெல்லைப் பத்துப் பையில் அளந்து கட்டினால் நெல் குறையுமா? முன்பு 100 பங்கு இருந்தால் இப்போது 1,000 இருக்கும், பெறுமதி அதே 20,000 ரூபாய்தான். பிரிப்புக்கு முந்திய விலைகளை எல்லாம் பத்தால் வகுத்துவிட்டுக் கீறினால் அந்தப் பள்ளம் மறைந்துவிடும். பங்கின் எண்ணிக்கை கூடாமல் விலை மட்டும் அப்படி விழுந்திருந்தால் அது உண்மையான வீழ்ச்சி.

இனி அந்த 40,000 ரூபாய். பைதன், பாண்டாஸ், மேட்பிளாட்லிப் மூன்றும் இலவசம். இலவசமானதற்கு நிறம் பூசி, "நாளைக்கு ஏறும்" என்று அம்புக்குறி போட்டு விற்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இரணைமடு நீர்மட்டப் பலகை இன்று எத்தனை அடித் தண்ணீர் என்று சொல்லும், நாளைய மழையைச் சொல்லாது. விலைக் கோடும் அப்படித்தான். இவர்களில் சிலர் மெல்ல மெல்ல உங்கள் தரகுக் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்பார்கள். எவருக்கும் கொடுக்க வேண்டாம். பங்கு வாங்கும் காசைத் தனி ஆளின் வங்கிக் கணக்கில் போடவே கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற தரகு நிறுவனத்தின் கணக்கில்தான் போட வேண்டும்.

இவர்கள் பிழைப்பதற்கு இடம் விட்டது யார்? பைதனைப் பரீட்சைக்காகப் படிப்பிக்கிறோம். ஒரு கோப்பைத் திறந்து, இது எண்ணா எழுத்தா என்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவதில்லை. பழைய விலைகளை ஒழுங்கான ஒரே கோப்பாக, தமிழ் விளக்கத்தோடு, எல்லோருக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? முல்லைத்தீவில் இருப்பவர் ஒரு சந்தேகம் கேட்க இன்னும் எத்தனை காலம் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருப்பது?

சரி, திருத்திக் கீறிய பிறகு ஒன்று செய்யுங்கள். பங்கு வாங்கிய அன்று தரகர் அனுப்பிய சிட்டையை எடுங்கள். அதிலுள்ள விலையும் உங்கள் கோட்டில் அந்தத் திகதிக்குரிய புள்ளியும் கிட்டத்தட்ட ஒத்து வர வேண்டும். இடையில் பங்கு பிரிக்கப்பட்டிருந்தால் சிட்டை விலையையும் அதே எண்ணால் வகுத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் கோப்பின் முதல் ஐந்து வரியை எனக்கு அனுப்பிவிடுங்கள்.