தூர் வாரிய சேறு எங்கே போய் நிற்கும்? – வாசகர் கேள்வி பதில்

கடலோர ஊர் ஒன்றில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் மகன் குடியிருக்கிறான். துறைமுகத்தில் தூர் வாரும் நாட்களில் கடற்கரையில் கறுப்பாகச் சேறு ஒதுங்குகிறது. கேட்டால், ‘நடுக்கடலில்தான் கொட்டுகிறோம்’ என்கிறார்களாம். நடுக்கடலில் கொட்டியது கரைக்கு எப்படி வரும்?
– வாசகி, குன்னூர்

மூன்று வழியாக வரும்.

முதல் வழி, கொட்டுவதற்கு முன்பே திறந்துவிடுகிறது. தூர் வாரும் கப்பல் சேற்றையும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சித் தன் வயிற்றுத் தொட்டியை நிரப்பும். தொட்டி நிரம்பிய பிறகும் உறிஞ்சுவது நிற்காது. மணல் அடியில் தங்க, மேலே நிற்கும் கலங்கல் வழிந்து துறைமுக வாசலிலேயே கடலில் கலக்கும். ஒரு நடையில் கூடுதல் சரக்கு ஏற்ற இதுதான் வழி என்பதால் பலரும் செய்வது. மணலாக இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. நாள்பட்ட சேறு என்றால் கெடுதல்தான்.

இரண்டாவது, கொட்டும்போது. 0.2 மில்லிமீட்டர் மணல் விநாடிக்கு சுமார் 2 சென்டிமீட்டர் இறங்கும்; 20 மீட்டர் ஆழத்தைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடும். 0.01 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு அதே ஆழத்தை இறங்க இரண்டு நாள் ஆகும். அதற்குள் விநாடிக்கு 25 சென்டிமீட்டர் ஓடும் மிதமான நீரோட்டம்கூட அதை 40 கிலோமீட்டர் இழுத்துப் போய்விடும். உப்புநீரில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுவதால் பெரும்பகுதி இதைவிடச் சீக்கிரம் இறங்கும் என்பது உண்மை. மிச்சம் இருக்கும் சிறு பங்கே ஒரு கடற்கரையைக் கலங்கடிக்கப் போதும்.

மூன்றாவதை யாரும் பேசுவதில்லை: அடியில் படிந்தது மறுபடி எழும்புவது. 8 விநாடிக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். அதன் அசைவு அந்த நீளத்தில் பாதி ஆழம் வரை, அதாவது 50 மீட்டர் வரை எட்டும். 20 மீட்டர் ஆழத்தில் கொட்டிய இளஞ்சேற்றை வடகிழக்குப் பருவமழைக் காலத்து அலை கிளப்பிவிடும். அந்த மாதங்களில் சோழமண்டலக் கரையோரம் நீரோட்டம் தெற்கே போகும். பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே. எனவே எந்த மாதம் கொட்டினார்கள் என்பதைப் பொறுத்து அழுக்கு ஒதுங்கும் ஊரும் மாறும். கொட்டும் இடத்தைக் கடல் வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டும் பார்த்து முடிவு செய்வது அரைகுறை வேலை.

உங்கள் மகன் செய்ய வேண்டியது: முதலில் அது சேறுதானா என்று பார்க்கட்டும். கறுப்பாகப் பளபளத்து, காய்ந்ததும் காந்தத்தில் ஒட்டினால் அது கனிம மணல். நம் கரைகளில் இயற்கையாகவே இருப்பது. விரலில் பிசுபிசுத்து, தண்ணீரில் போகாமல் மண்ணெண்ணெயில் கரைந்தால் கப்பல் எண்ணெயின் தார் உருண்டை. அழுகிய முட்டை நாற்றம் அடித்து, தண்ணீரில் கரைந்து, இரண்டு மூன்று நாள் காற்றுப் பட்டதும் சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ மாறினால்தான் காற்றில்லா அடிச்சேறு. அதன் பிறகு தேதி, நேரம், காற்றின் திசை, செல்போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, துறைமுகத்தின் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தைத் தேடிப் படிக்கட்டும். கொட்டும் இடத்தைப் பற்றிய நிபந்தனைகள் அதில்தான் இருக்கும். அந்த நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கையை ஆண்டுக்கு இரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. ‘கடற்கரை நாறுகிறது’ என்று எழுதும் மனுவை விட, அந்த அறிக்கையின் தேதிகளையும் தன் குறிப்பேட்டின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மனுவுக்குப் பதில் சொல்லித் தீர வேண்டியிருக்கும்.

கொடைக்கானல் ஏரியைத் தூர் வாரினால் அந்த வண்டலை எங்கள் பீன்ஸ், பிளம்ஸ் தோட்டத்துக்கு எடுக்கலாமா? சமவெளியில் கண்மாய் வண்டலை எல்லாரும் வண்டி வண்டியாக அடிக்கிறார்களே?
– விவசாயி, வில்பட்டி

கண்மாய் வண்டலும் இதுவும் ஒன்றல்ல. ஊரின் நடுவே இருக்கும் ஏரி இது, சுற்றிலும் விடுதிகள். அதற்கு மேல் பாதரசம். கொடைக்கானலில் இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது; ஏரியின் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைப் பின்னால் நடந்த ஆய்வுகள் காட்டின. காற்றில்லாச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். மீனில் ஏறுவது அந்த வடிவம்தான். ஆலைக் கழிவுப் பாதரசத்தால் மக்கள் நோயுற்ற ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில், பாதரசம் 25 பிபிஎம்முக்கு (கிலோவுக்கு 25 மில்லிகிராம்) மேல் இருந்த சேற்றை 1977 முதல் 1990 வரை அகற்றினார்கள். அதை வெளிக்கடலில் கொட்டவில்லை. விரிகுடாவின் ஓரத்தில் தடுப்பு கட்டி உள்ளே அடைத்து மூடினார்கள். அப்படி எழுந்த நிலம் 58 ஹெக்டேர்.

ஆகவே முதலில் பரிசோதனை. இரண்டு அங்குல பிவிசி குழாய், ஒன்றரை மீட்டர் நீளம் போதும். படகிலிருந்து செங்குத்தாக அழுத்தி, மேல் வாயில் தண்ணீர் நிரப்பி மூடியால் இறுக்கிவிட்டு இழுத்தால் சேறு நழுவாமல் வரும். மூடியில் காற்று கசிந்தால் பாதி வழியில் எல்லாம் ஏரிக்கே திரும்பிவிடும். முதல் நாள் எல்லாருக்கும் இதுதான் நடக்கும். மேல் 10 சென்டிமீட்டர், நடு, அடி என்று தனித்தனியே வெட்டி எடுங்கள். ஒன்றாகக் கலக்காதீர்கள்: ஆழத்தில் இருப்பது பழைய ஆண்டுகளின் சேறு, மேலே உள்ளதை விட அதில் பாதரசம் கூடுதலாக இருக்கக்கூடும். ஐந்து இடங்களிலாவது எடுங்கள். கால்வாய் வந்து சேரும் வாய் அதில் ஒன்றாக இருக்கட்டும். கண்ணாடி ஜாடியில் அடைத்து ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். மாதிரியை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கி உலர்த்த வேண்டாம் என்று ஆய்வகத்தில் எழுதியே கொடுங்கள். 105 டிகிரி அடுப்பில் வைத்தால் பாதரசத்தில் ஒரு பங்கு ஆவியாகி, முடிவு பொய்யாக நல்லதாக வரும்.

எதோடு ஒப்பிடுவது? உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்டுக்கு உள்ள வரம்பை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்குப் பாதரசம் 0.15 மில்லிகிராம், காட்மியம் 5, ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, தாமிரம் 300, துத்தநாகம் 1000. பாதரச வரம்பைத் தாண்டினால் காய்கறிப் பாத்திக்கு வேண்டாம். தாண்டாவிட்டாலும் இன்னொரு சோதனை பாக்கி: ஈரத்தில் ஒரு முறை, நன்றாகக் காய்ந்து ஒரு மாதம் ஆன பின் ஒரு முறை என்று பிஎச், அதாவது புளிப்பின் அளவு, பாருங்கள். கறுப்புச் சேற்றில் உள்ள இரும்பு சல்பைடு காற்றுப் பட்டு அமிலமாகும். நம் மலை மண் ஏற்கெனவே புளிப்பு மண். அதன் மேல் இன்னும் புளிப்பைக் கொட்டி, பிறகு சுண்ணாம்புக்குச் செலவழிப்பது வீண். ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் பரப்பவே 100 கன மீட்டர், அதாவது 35 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வேண்டும் என்பதையும் வாடகை பேசும் முன் கணக்குப் பாருங்கள்.

ஊட்டியில் ஏரிச் சேற்றைப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டி நிரவினால் என்ன? வீணாகக் கிடக்கும் சரிவுதானே?
– வாசகர், பிங்கர்போஸ்ட்

கூடாது. இளஞ்சேறு ஒரு கன மீட்டர் சுமார் 1.3 டன் எடை; அதில் மண் 480 கிலோதான், மிச்சம் 820 லிட்டர் தண்ணீர். மூன்று யூனிட் டிப்பர் ஒன்று 11 டன் ஏற்றிப் போனால் அதில் 7 டன் தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதையும் சரிவின் தலையில் ஊற்றுகிறீர்கள். கீழே பழைய மண், மேலே வழுக்கும் களி, நடுவே நீர்: மண்சரிவுக்கு வேறு சமையல் குறிப்பு தேவையில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த மாவட்டம் மறந்திருக்காது.

முதலில் நீரை இறக்க வேண்டும். சமதளத்தில் தடித்த பாலித்தீன் விரிப்புப் போட்டு, வரப்பு கட்டி, 30 முதல் 45 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். மேல் ஓடு வெடித்ததும் புரட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஓட்டுக்கு அடியில் மாதக்கணக்கில் கஞ்சியாகவே கிடக்கும். ஊட்டி மூடுபனியில் இது ஜனவரி முதல் மார்ச் வரைதான் நடக்கும் காரியம். இடமோ வெயிலோ இல்லாவிட்டால், சேற்றுத் துகள்களைத் திரட்டும் மருந்து கலந்து நெய்த பெரிய துணிப்பைகளில் அடைத்து நீரை வடியவிடலாம். வடிநீர் தெளிந்து வருகிறதா என்பதுதான் மருந்தளவு சரியா என்பதற்கு அடையாளம். கோடப்பமந்து கால்வாய் கொண்டுவரும் சாக்கடையைத் தடுக்காமல் ஏரியை மட்டும் வாருவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போலத்தான்.

தூர் வாரும்போது ஏரி மீன் சாகுமா? நாங்கள் கரையில் நின்றே கண்காணிக்க முடியுமா?
– படகு ஓட்டுநர், கொடைக்கானல்

சாகலாம். அடிச்சேறு கிளம்பினால் அதிலிருக்கும் சல்பைடும் இரும்பும் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும். அம்மோனியாவும் வெளியே வரும். ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அன்று வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். விடியற்காலையில் அளக்க வேண்டும். பகலில் பாசி விடும் ஆக்சிஜன் உண்மையை மறைத்துவிடும். விடியலில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் கருவியே வேண்டாம்.

கலங்கலை அளக்க 20 சென்டிமீட்டர் வட்டத் தகடு ஒன்று போதும். நான்காகப் பிரித்து கறுப்பு, வெள்ளை மாற்றி மாற்றி அடித்து, அடியில் எடை கட்டி, கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். காலை 10 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் நடுவே, படகின் நிழல் பக்கம் இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தையும் தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். வேலை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே குறிக்கத் தொடங்கினால்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும். கலங்கல் பரவாமல் வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டும் தடுப்புத் திரைக்கு வெளியே, அந்த ஆழம் முன்பு குறித்ததில் பாதிக்குக் கீழே போனால் திரை கிழிந்திருக்கிறது, அல்லது காற்றில் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஏரி நிரம்பி வழியும் காலத்தில் வேலை கூடவே கூடாது. வழியும் நீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாகக் கீழே இறங்குகிறது.

கேரட் கழுவும் இடத்திலிருந்து ஓடும் செந்நீர் ஓடையில் போகிறது. சின்னதாக ஒரு தொட்டி கட்டினால் நிற்குமா?
– விவசாயி, கேத்தி

தொட்டியின் ஆழத்தை விடப் பரப்புதான் முக்கியம். விநாடிக்கு ஒரு லிட்டர் ஓட்டத்தில் 0.02 மில்லிமீட்டர் துகள் வரை பிடிக்க, நம் ஊர்க் குளிர்ந்த நீரில் சுமார் மூன்றரை சதுர மீட்டர் வேண்டும். சுழலுக்கும் கசிவுக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கினால் 1.5 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் ஆழம். நீர் நுழையும் இடத்தில் ஒரு பலகையை நிறுத்தி வேகத்தை உடையுங்கள். வெளியேறும் பக்கம் குழாய் வைக்காமல், சுவரின் முழு அகலத்துக்கும் மெல்லிய ஏடாக வழியவிடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் மண் வருகிறது, பத்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் நாளுக்கு 180 கிலோ மண் சேரும். ஒரு வாரத்தில் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு அடைந்துவிடும். அதற்குள் வாரிவிடுங்கள்.

வாரிய மண் நல்ல மேல்மண்தான். ஆனால் பல தோட்டத்துக் கேரட் ஒரே இடத்தில் கழுவப்பட்டால் அதை உருளைக்கிழங்கு வயலுக்குத் திருப்பாதீர்கள். ஊட்டியில் 1961இல் கண்டுபிடிக்கப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு (வேரைத் தாக்கும் நுண்புழு) இன்றும் இந்த மலையில் இருக்கிறது. அதன் கூடுகள் கடுகை விடச் சிறியவை. கழுவிய மண்ணோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். மர வரிசைக்கோ தேயிலைக்கோ போடுங்கள்.