காந்தப் பொடியும் கலவைக் கழிவுநீரும்: சில கேள்விகள்

கழிவுநீரைச் சுத்தம் செய்ய மேக்னடைட் (காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு), கைட்டோசான் (இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) இரண்டையும் கலந்து பொடி செய்தேன். ஈயத்தைத் தனியாகக் கொடுத்தால் நன்றாகப் பிடிக்கிறது. குரோமியம், மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் இரண்டையும் சேர்த்தால் சரிந்துவிடுகிறது. எங்கே தப்பு?

தப்பு எதுவும் இல்லை, தம்பி. பொடியின் மேல் இருக்கும் இடம் அளவானது. தனியாக வந்தபோது முழுவதும் ஈயத்துக்குக் கிடைத்தது, இப்போது பங்குக்கு ஆள் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் பிஎச், அதாவது தண்ணீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் எண், குறைந்தால் அமிலம் கூடும். ஈயமும் மெத்திலீன் புளூவும் நேர்மின் அயனிகள், ஆறு இணைதிறன் குரோமியமோ குரோமேட்டாக எதிர்மின்னோடு நிற்கும். பிஎச் 3 பக்கம் கைட்டோசானின் அமினோ தொகுதிகள் நேர்மின் ஏற்றுக் குரோமேட்டை இழுக்கும், ஈயத்தைத் தள்ளும். 5 பக்கம் போனால் ஈயம் ஏறும், குரோமியம் இறங்கும். அதனால் இரண்டு கட்டமாகப் பிரித்துச் செய்யுங்கள், முதலில் அமிலத்தில் குரோமியம், அப்புறம் பிஎச்சை உயர்த்தி ஈயம். ஆனால் 6ஐத் தாண்டினால் ஈயம் ஹைட்ராக்சைடாகத் தானே படியத் தொடங்கும், அதையும் பொடியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. பொடி போடாத குடுவை ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள், தானே படிவது எவ்வளவு என்று தெரியும்.

திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்ஓவுக்குப் பதிலாக இதைப் போடலாமா?

முடியாது. பொடி நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. ரியாக்டிவ் சாயத்துக்கு நீங்கள் கொட்டும் உப்பு அப்படியே தண்ணீரில் நிற்கும், நொய்யலைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது மறந்திருக்காது. ஆர்ஓவுக்கு முன்னால் நிறத்தைக் குறைக்க வேண்டுமானால் முயலலாம். அப்போதும் சோதனையை உங்கள் தொட்டித் தண்ணீரிலேயே செய்யச் சொல்லுங்கள். ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் கொண்டவை, உப்பின் குளோரைடும் சல்பேட்டும் அதே இடத்துக்குப் போட்டி போடும்.

கறுப்பாக இருந்த பொடி பழுப்பாகிவிட்டது. வீணா?

காந்தத்தில் ஒட்டுகிறதா பாருங்கள். மேக்னடைட் காற்றில் மேக்ஹெமைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடாக மாறும், அதற்கும் காந்தத்தன்மை உண்டு. ஒட்டாமல் செங்கல் நிறத்தில் இருந்தால் ஹெமடைட், அது உதவாது.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுக் குடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பாட்டில் ஓரத்தில் காந்தத்தை வைத்தால் கறுப்புப் பொடி மொத்தமாக நகர்ந்து சுவரில் அப்பிக்கொள்ளும், தண்ணீர் பளிங்கு போலத் தெரியும். ஓர் இரவு கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், மெல்லிய பழுப்பு இருந்தால் அது காந்தத்துக்குத் தப்பிய நுண்துகளாகவோ கரைந்த இரும்பு துருவாகி வந்ததாகவோ இருக்கலாம். காந்த முறையில் குடிநீர் சுத்திகரிக்கவே முடியாது என்று சொல்லவில்லை. தென் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பிளசன்ட் நிலையத்தில் 2001 முதலே காந்தத்தன்மை கொண்ட பிசின் (ரெசின்) மணிகளை வைத்துத் தண்ணீரிலுள்ள கரிமப் பொருளை எடுக்கிறார்கள், அந்த மணிகளை உப்புநீரில் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அங்கே அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஏற்கெனவே பொடி போட்டிருந்தால் அதைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள், ஈயமோ ஆர்சனிக்கோ பிடித்திருந்தால் அது இப்போது பொடியில்தான் இருக்கிறது.