உறைவிந்தின் தரம் கூட: தீவனத்தில் கொடுப்பதா, கரைசலில் சேர்ப்பதா?

கேள்வி: உறைவிந்துக்காகப் பொலிகாளைகள் வளர்க்கிறேன். ஒரு காளையின் விந்து எடுத்தவுடன் நல்ல அசைவோடு இருக்கிறது. உறைய வைத்து உருக்கினால் பாதிக்கு மேல் செத்துப்போகிறது. வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் எல்லாம் தீவனத்தில் கொடுக்கலாமா? விந்திலேயே கலந்தால் சீக்கிரம் பலன் தெரியுமா?

பதில்: இரண்டுக்கும் பலன் உண்டு, ஆனால் காலக்கணக்கு வேறு. காளையின் உடலில் ஒரு விந்தணு உருவாக 61 நாள் பிடிக்கும். அது முதிர்ந்து வெளிவர இன்னும் பத்து நாளாவது ஆகும். அதனால் இன்று தீவனத்தை மாற்றிவிட்டு அடுத்த வாரமே விந்தைச் சோதித்துப் பயனில்லை. இரண்டரை மாதம் பொறுங்கள்.

விந்தணுவின் சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குப் போய்த் திரும்பும்போது அந்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெட்டு, சவ்வு பழுதாகிறது. மீன் எண்ணெயில் இருப்பதும் இதே வகைக் கொழுப்புதான். சவ்வை இளக்கமாக வைத்துக் குளிரைத் தாங்க உதவும், ஆனால் எளிதில் கெடும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ சேர்க்காமல் மீன் எண்ணெயை மட்டும் கொடுக்காதீர்கள். பசுந்தீவனத்தில் இந்த வைட்டமின் தாராளமாக உண்டு. காய்ந்த வைக்கோலில் பெரும்பகுதி போய்விடும். காளைக்குத் தேவையான துத்தநாகத்துக்கும் செலினியத்துக்கும் நல்ல தாது உப்புக் கலவை போதும். செலினியத்தைத் தனியாக வாங்கிக் கைக்கணக்கில் போடுவது ஆபத்து. மிஞ்சினால் வால் முடி உதிரும், குளம்பு வெடிக்கும்.

இனி, உறைய வைக்கும்முன் விந்தோடு கலக்கும் கரைசலுக்கு வருவோம். முட்டை மஞ்சள் கரு, கிளிசரால், டிரிஸ் (அமில-கார நிலையைச் சீராக வைக்கும் பொருள்) கலந்த வழக்கமான கரைசலோடு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ, சி, குளூட்டதயோன் போன்றவற்றைச் சேர்த்துப் பார்ப்பதுண்டு. டிரெஹலோஸ் என்ற சர்க்கரையும் சவ்வைக் காக்கும். அளவு கூடினால் பலன் கூடாது; கருமுட்டையோடு சேரத் தயாராவதற்கு விந்தணுவுக்கே கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் தேவை. எனவே ஒரே தடவை எடுத்த விந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் இவற்றைச் சேர்த்து உறைய வைக்க ஆய்வகத்தாரிடம் சொல்லுங்கள். உருக்கியவுடன் அசைவு இரண்டிலும் ஒன்றுபோல இருக்கலாம். 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள்: எடுத்த விந்திலேயே செத்த அணுக்கள் நிறைய இருந்தால், மஞ்சள் கரு கரைசலில் அவை ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி உயிரோடிருப்பவற்றையும் கெடுக்கும். அந்த விந்தை உறைய வைக்கவே வேண்டாம். ஏற்கெனவே விந்தை அடைத்து உறைய வைத்த குச்சிகளிலும் இனி எதையும் சேர்க்க முடியாது.

தீவனம் மாற்றி இரண்டரை மாதம் கழித்தும், கரைசலை மாற்றியும் உங்கள் காளையின் விந்து தாங்கவில்லை என்றால், அதன் இயல்பே அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். சில காளைகளின் விந்து உறைதலைத் தாங்குவதில்லை. அதை நேரடி இனச்சேர்க்கைக்கு வைத்துக்கொண்டு, உறைவிந்துக்கு வேறு காளையைப் பாருங்கள்.