கேள்விக்கு என்ன பதில்: ஈ. கோலையும் சிட்ரேட்டும்

ஆர்.பி., விருதுநகர்: பால் சர்க்கரை கிடைத்தால்தான் பாக்டீரியா அதைச் செரிக்கும் நொதியைத் தயாரிக்குமாமே? மூளையே இல்லாத ஒன்றுக்கு அது எப்படித் தெரியும்?

தெரியவே வேண்டாம். வழியை மறிப்பது விலகினால் போதும். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவில், லாக்டோஸ் (பால் சர்க்கரை) வேலைக்கான மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, மூன்றுக்கும் தொடக்க இடம் ஒன்றுதான். அங்கே ஒரு புரதம் டி.என்.ஏ.வைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். லாக்டோஸிலிருந்து உண்டாகும் ஒரு மூலக்கூறு வந்து ஒட்டியதும் அதன் பிடி விட்டுப்போகும், நொதி உற்பத்தி ஆயிரம் மடங்கு வரை எகிறும். மறிப்பு முழு இறுக்கமல்ல, கொஞ்சம் கசியும். அந்தக் கசிவு இல்லாவிட்டால் முதல் லாக்டோஸ் உள்ளே நுழையவே வழியிருக்காது.

பாரிஸில் ழாக் மோனோ என்ற உயிரியலாளர் பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸையும் லாக்டோஸையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். குளுக்கோஸ் தீரும்வரை வளர்ச்சி மளமளவென ஏறியது, பிறகு நின்றது, சற்று நேரம் கழித்து மறுபடி ஏறியது. நின்ற நேரம் லாக்டோஸ் நொதி தயாராகும் நேரம். நான் கல்லூரியில் இதைச் செய்ய வைக்கும்போது, வளர்ச்சியைக் கலங்கலை வைத்து அளக்கும் கலரிமீட்டரின் முள் அசையாமல் நிற்பதைப் பார்த்து "சார், கல்ச்சர் செத்துப்போச்சு" என்று குழாயைக் கொட்டப் போகும் மாணவர் வருடத்துக்கு ஒருவராவது இருப்பார். மோனோவும் பிரான்சுவா ஜாகோபும் 1961இல் இந்த ஏற்பாட்டை விளக்கினார்கள். 1965இல் அவர்களுக்கும் ஆந்த்ரே ல்வோஃபுக்கும் நோபல் பரிசு.

கே.எஸ்., தென்காசி: மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிறாள். ஈ. கோலை "சிட்ரேட் நெகட்டிவ்" என்று ரெக்கார்டில் எழுதியிருக்கிறாள். அமெரிக்காவில் ஒரு ஈ. கோலை சிட்ரேட் தின்னுகிறதாமே, எது சரி?

ரெக்கார்டில் எழுதியது சரி, மார்க் போகாது. (சிட்ரேட் என்பது எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பு. அதைத் தின்று வளராதது "சிட்ரேட் நெகட்டிவ்".) அமெரிக்கச் செய்தியும் உண்மை.

உங்கள் மகள் சிம்மன்ஸ் சிட்ரேட் அகார் என்ற, சிட்ரேட்டை உணவாக வைத்த பச்சை ஊடகத்தில் பாக்டீரியாவைக் கோடாக இழுத்திருப்பாள். மறுநாள் சிட்ரேட் தின்னும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் குழாய் பளீரென்று நீலமாகியிருக்கும், ஈ. கோலை குழாய் அதே பச்சையில் நிற்கும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் ஈ. கோலை சிட்ரேட்டைத் தொடாது. அதை அடையாளம் காணும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

அமெரிக்கச் செய்திக்கு வருவோம். ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற அமெரிக்க உயிரியலாளர் 1988 பிப்ரவரியில், ஒரே மூதாதையிலிருந்து வந்த ஈ. கோலையைப் பன்னிரண்டு குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதுத் திரவத்தில் விடுவார்கள், ஒரு நாளைக்கு ஆறேழு தலைமுறை ஓடும். 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறைய வைப்பார்கள். குளுக்கோஸ் அதில் கொஞ்சம்தான், சிட்ரேட்டோ நிறைய. ஆனால் சிட்ரேட்டை உணவாகச் சேர்க்கவில்லை, இரும்புச் சத்து கிடைக்க உதவும் என்று சேர்த்தது.

33,000 தலைமுறை தாண்டியதும் ஒரு குடுவை மட்டும் வழக்கத்தைவிடக் கலங்கி நின்றது. வேறு ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்து, குடுவையைக் கொட்டியிருப்பேன். சோதித்தால் அது அவர்களுடைய ஈ. கோலையேதான், சிட்ரேட்டைத் தின்று பெருகியிருந்தது. 2008இல் இதை வெளியிட்டார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் புரதத்துக்கான மரபணு ஈ. கோலையிடம் முன்பே உண்டு, ஆக்சிஜன் இல்லாதபோது மட்டும் இயங்கும். அந்தக் குடுவையில் சுமார் 2,900 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு தவறுதலாக இரண்டு முறை படியெடுக்கப்பட்டுவிட்டது. அதனால் மரபணுவின் ஒரு நகல், ஆக்சிஜன் இருக்கும்போது இயங்கும் வேறொரு தொடக்க இடத்துக்கு அடுத்ததாக வந்து அமர்ந்தது. பல்பு பழையதே, வேறு ஸ்விட்சில் மாட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது மரபணு எதுவும் முளைக்கவில்லை.

அப்புறம் லென்ஸ்கியின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸகரி பிளவுன்ட் உறைய வைத்த மூதாதைகளை எழுப்பி மறுபடி ஓடவிட்டார். பிந்தைய தலைமுறை மாதிரிகளில்தான் இந்தத் திறன் மீண்டும் தோன்றியது, தொடக்க கால மாதிரிகளில் தோன்றவில்லை. ஆக, அந்த இரட்டிப்புக்கு முன்பே வேறு சில மாற்றங்கள் சேர்ந்து பாதை போட்டிருந்தன. மற்றப் பதினொரு குடுவைகளும் பல்லாயிரம் தலைமுறை ஓடியும் சிட்ரேட் பக்கம் திரும்பவில்லை. ரெக்கார்டை மாற்ற வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

எம்.வி., காரைக்கால்: ஆன்டிபயாடிக் அடிக்கடி சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் "பழகிவிடும்" என்கிறார்கள். பழகுவதா?

இல்லை. 1952இல் பாக்டீரியா ஆய்வாளர்களான லெடர்பர்க் தம்பதி, தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களின் மேல் வெல்வெட் துணியை அழுத்தி, அதே வரிசையில் மருந்துள்ள தட்டில் ஒற்றினார்கள். மருந்தில் எது பிழைக்கிறது என்று பார்த்து, முதல் தட்டில் அதே இடத்தைத் தேடினார்கள். மருந்தையே கண்டிராத அந்த இடத்திலும் எதிர்ப்புள்ள பாக்டீரியா ஏற்கெனவே இருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை, மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம்விட்டது. போதாக்குறைக்கு, பக்கத்து பாக்டீரியாவிடமிருந்து எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாகக் கைமாற்றாகவும் வாங்கிக்கொள்ளும். மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடுவது என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். மருந்துக்கடையில் கேட்டு முடிவு செய்ய வேண்டாம்.